தேரோட்டியிடம் கேட்ட கேள்வி

ஜெர்மனி நாட்டின் மியூனிக் நகரில் பணிபுரியும், நமக்குப் பேரன் முறையுள்ள இளைஞர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அந்நகரில் ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அக்டோபர்ஃபெஸ்ட் என்னும் பெருவிழா நடைபெறும். அவ்விழாவில், யோஹான் ரோஸ்லர் என்ற இறைச்சி வணிகர் 1881ஆம் ஆண்டில் தொடங்கிய விருந்துக்கூடம் இன்றும் உளது. முழு எருதை இரும்புத்தண்டிற் கோத்து, நெருப்பின் முன் சுழற்றி வாட்டிப் பரிமாறுவது அதன் சிறப்பு. ஒரு விழாவில் நூற்றுக்கும் மேற்பட்ட எருதுகள் இவ்வாறு மடிகின்றன. சுழன்றுகொண்டிருக்கும் எருதின் பெயரும் எடையும் பலகையில் எழுதி வைக்கப்படுமாம்.

"அலுவலக நண்பர்கள் என்னை அங்கே அழைக்கின்றனர், பாட்டி. நான் புலால் தொடுவதில்லை. உடன் அமர்வதால் என்ன குற்றம்?" இதுவே அவர் வினா.

பெயர்ப்பலகையைக் கொடுமையின் உச்சம் என்றே முதலில் எண்ணினோம். பிறகு தயங்கினோம். கடையில் பொட்டலமாக வாங்குவோர், அது ஐயறிவுள்ள ஓர் உயிரின் உடல் என்பதை மறந்துவிடக் கூடும். பலகையின் முன் நிற்போர்க்கு அம்மறதி வாய்க்காது. அவ்வளவில் அதில் ஒரு நேர்மை உண்டு. எனினும், பெயர் என்பது அழைப்பதற்கு உரியது. அழைத்தால் திரும்பிப் பார்க்கும் உயிருக்கே நாம் பெயரிடுகிறோம்.

பள்ளியில் பல்லாண்டுகள் கணக்குக் கற்பித்தோம். ஆட்கள் மிகுந்தால் ஒவ்வொருவர் பங்கும் குறையும் என்பது வகுத்தற் கணக்கு. விருந்தில் கூடுவோரும் அதனையே நம்புகின்றனர்: கொன்றவர் ஒருவர், வாட்டியவர் ஒருவர், உண்டவர் ஆயிரவர்; இதில் என் பங்கு எம்மட்டு? நம் ஆகமம் அவ்வாறு வகுப்பதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றனையும் ஹிம்சையின் வாயில்களாகவே கொள்கிறது. உடன்பட்டோர் ஆயிரவராயின், ஆயிரவர்க்கும் தனித்தனியே வினை பந்திக்கும்.

22ஆம் தீர்த்தங்கரராகிய நேமிநாதர் மணக்கோலத்தில் தேரேறிச் சென்றபோது, அடைபட்டுக் கதறிய விலங்குகளைக் கண்டார். அவற்றை அவர் பிடிக்கவில்லை, பிடிக்கச் சொல்லவுமில்லை. இவை ஏன் அடைக்கப்பட்டன என்று தேரோட்டியைக் கேட்டார். தங்கள் மணவிருந்துக்கு என்ற விடை வந்தது. தேர் திரும்பியது. கேளாமல் சென்றிருந்தால் திருமணம் இனிதே முடிந்திருக்கும். இராஜமதிக்கும் அத்துயர் நேர்ந்திராது.

இதனைப் பேரனுக்கு எழுத அமர்ந்தபோது நம் கை தடைப்பட்டது. நம் இல்லத்து உழவெருதுகளுக்கும் பெயர்கள் இருந்தன. முதுமையுற்றதும் அவற்றைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றனர். அன்றிரவு வீட்டில் எவருக்கும் உணவு இறங்கவில்லை. ஆயினும் வாங்கியவர் யார், உழ இயலாத மாட்டை எதற்காக வாங்கினார் என்று நம்முள் ஒருவரும் கேட்கவில்லை. விலைப்பணத்தை மட்டும் எண்ணி வாங்கினோம்.

ஆகவே, போகவேண்டா என்று நாம் எழுதவில்லை. அந்த மேசையின் செலவை அனைவரும் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்களா என்று மட்டும் கேட்டு எழுதினோம். ஆம் என்று பதில் வந்துளது. தம் உணவுக்குத் தனியே பணம் செலுத்த முடிவு செய்திருக்கிறார். அங்கே அமர்வதா என்பதை இன்னும் தீர்மானிக்கவில்லையாம்.