கடைசி வரிசையும் அடுத்த வீடும்

மைக் இன்னும் கச்சேரி மேடைகளுக்குப் பரவலாக வந்திராத நாட்களில், மைசூரு வயலின் வித்வான் டி. சௌடய்யாவை (1895–1967) ஒரு குறை வாட்டியது. பெரிய பந்தல்களில் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு அவர் வாசிப்பது சரியாக எட்டவில்லை. பாடகரின் கனத்த குரலுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே நான்கு கம்பிகளின் நாதம் அமுங்கிப் போயிற்று. வில்லை இன்னும் அழுத்தினால் சத்தம் கூடும், ஆனால் இனிமை கெட்டுவிடும். 1927 வாக்கில் அவர் மூன்று கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி தள்ளித் துணைக் கம்பிகளைக் கட்டி, ஏழு கம்பி வயலினை உருவாக்கினார். ஒரே இழுப்பில் இரண்டு ஸ்தாயி சேர்ந்து ஒலித்தது, கடைசி வரிசைக்கும் போய்ச் சேர்ந்தது. அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா மைசூருவில் ராமருக்குக் கோயில் கட்டிய பக்தர். அந்தப் பரம்பரையில் வந்தவருக்குப் பாட்டும் வழிபாடும் வேறு வேறாக இருந்திருக்க முடியாது.

இதே சங்கடம் அமெரிக்காவிலும் இருந்தது. நடன அரங்குகளில் ஆளுயர டபுள் பேஸை நிறுத்திக்கொண்டு விரலால் மீட்டியவரின் ஒலி, டிரம்ஸிலும் டிரம்பெட்டிலும் மூழ்கியது. கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரெசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டாரையும், அடுத்த ஆண்டு அதற்கென்றே பாஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபையரையும் (சுருக்கமாக ஆம்ப்) கொண்டுவந்தார். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் எஸ்.வி.டி. ஆம்பை வெளியிட்டது. தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அதோடு 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு அடுக்கிய பெட்டிகள். பின்வரிசைக்கு எட்ட வேண்டும் என்று தொடங்கிய முயற்சி, இருபது ஆண்டுக்குள் மைதானத்தையே அதிர வைக்கும் பலம் பெற்றுவிட்டது.

இன்று மைசூருவில் ஒரு தேவாலயப் பாடற்குழுவோ, பஜனைக் குழுவோ, யுவ தசரா மேடையில் ஏற ஆசைப்படும் கல்லூரி பேண்டோ பேஸ் ஆம்ப் வாங்கப் போனால், கடையில் எழும் முதல் கேள்வி “எத்தனை வாட்?” என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தச் சத்தம் யாருடைய காதுக்கு? பாட்டு சாமிக்கு என்றால், சாமிக்கு வாட் எதற்கு? மனிதர்களுக்கு என்றால், எந்த மனிதர்களுக்கு? வந்து உட்கார்ந்தவருக்கா, வராமல் பக்கத்து வீட்டில் படுத்திருப்பவருக்குமா?

இதற்கு விடை தேட, முதலில் அந்தக் கருவியின் இயல்பைப் பார்க்க வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. ஐந்து கம்பி பேஸ் என்றால் 31 தடவைதான். இவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு மனிதக் காது மந்தமானது. அதனால்தான் கிட்டார் வாசிப்பவர் 30 வாட் வால்வு ஆம்போடு டிரம்ஸுக்கு ஈடு கொடுக்கிற அதே பேண்டில், பேஸ் வாசிப்பவருக்கு 200, 300 வாட் வேண்டியிருக்கிறது. ஆனால் வாட் ஏறுகிற அளவுக்குச் சத்தம் ஏறாது. 100 வாட் ஆம்பை விட்டு 200 வாட்டுக்கு மாறினால் கூடுவது 3 டெசிபல். கேட்பவர் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற, ஆம்பின் சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். அதே 3 டெசிபலை, 97 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கருக்குப் பதிலாக 100 டெசிபல் திறனுள்ளதை வாங்கினாலே அடைந்துவிடலாம். வாட் எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கொட்டும் இளைஞர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சங்கதி. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் எட்டு மீட்டருக்கு மேல் நீளம். சிறிய ஹாலில் அந்த அலை சுவருக்குச் சுவர் மோதி, ஓரிடத்தில் குமுறும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். ஆம்பை மூலையில் தள்ளி வைத்தால் குமுறல் பெருகும். வாசிப்பவரோ முழங்கால் உயரத்தில் இருக்கும் பெட்டிக்கு முன்னால் நிற்கிறார். சுரத்தைத் தெளிவாக்கும் மேல் அதிர்வுகள் அவர் காலோடு போய்விடுகின்றன. தனக்குக் கேட்கவில்லை என்று குமிழைத் திருகுகிறார், பத்தடி தள்ளி இருப்பவருக்கு நெஞ்சு அடைக்கிறது. பெட்டியை ஒரு நாற்காலிமேல் ஏற்றிக் காதுக்கு நேராகச் சாய்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. தன் காதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பிறருக்கு எப்படித் தீங்கு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தத்துவ நூல்களில்கூட அரிது.

கருவியின் பெருமையா, பாட்டின் பெருமையா என்ற கேள்வி தமிழுக்குப் பழையது. திருஞானசம்பந்தரின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழில் வாசித்து வந்தார். தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள், யாழினால்தான் பதிகங்களுக்கே புகழ் என்று பேசினார்கள். மனம் நொந்த பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் தோற்றது. பாணர் யாழை முறிக்க ஓங்கியபோது சம்பந்தர் தடுத்து, அடங்கிய அளவுக்கு வாசித்தால் போதும் என்று அதைத் திருப்பிக் கொடுத்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. உறவினர்கள் கருவியைத் தூக்கி வைத்தார்கள், பாணர் அதை உடைக்கப் போனார். இரண்டும் தவறு என்று காட்டியவர் அன்றைக்குச் சம்பந்தர் ஒருவர்தான். ஆம்ப் என்றாலே ஆடம்பரம், மின்சாரம் புகுந்தால் பக்தி போய்விடும் என்பவர்கள் பாணரின் ஆத்திரத்தில் நிற்கிறார்கள். விலை உயர்ந்த கருவி வந்தால் ஆராதனை தானாக உயரும் என்பவர்கள் அந்த உறவினர்களின் மயக்கத்தில் நிற்கிறார்கள்.

மைசூரு தசராவின் ஆயுத பூஜை இதே நடுநிலையை வேறு விதமாகக் காட்டுகிறது. அரண்மனையில் வாளும் வாகனமும் பூஜை பெறும் அன்று, வீடுகளில் வீணைக்கும் தம்புராவுக்கும் சந்தனம் குங்குமம் இடுகிறார்கள். பேஸ் கிட்டாருக்கும் ஆம்புக்கும் இட்டால் என்ன? கருவி மரியாதைக்கு உரியதுதான். ஆனால் பூஜையில் வைத்த வாத்தியத்தை விஜயதசமி வரை தொட மாட்டார்கள். கருவிக்கு மரியாதை செய்யும் நாள் அது ஓய்ந்திருக்கும் நாளாகவும் அமைந்தது நல்ல ஏற்பாடு.

அப்படியானால் உரக்க ஒலிப்பதற்குச் சமயத்தில் இடமே இல்லையா? உண்டு. மைசூருவுக்கு வடக்கே மேலுக்கோட்டையில் பல ஆண்டுகள் வாழ்ந்த ராமானுஜர், அதற்கு முன் திருக்கோஷ்டியூரில் செய்ததை வைணவ உலகம் மறக்கவில்லை. பதினெட்டு முறை நடந்து பெற்ற உபதேசத்தைக் கோயிலின் உயரத்தில் ஏறி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். குருவின் ஆணையை மீறியதற்கு நரகமே வந்தாலும் சரி என்றார். எட்டாதவருக்கு எட்ட வேண்டும் என்ற தவிப்பு அது. சௌடய்யாவின் துணைக் கம்பிகளிலும் அந்தத் தவிப்பே இருந்தது. மறுபுறம், சும்மா இருப்பதையே சுகமாகக் கண்ட தாயுமானவரும், மௌனத்தாலேயே உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தியும் நம் மரபில்தான் இருக்கிறார்கள். உரத்த குரலும் மௌனமும் எதிரில் இருப்பவரின் தேவையைப் பார்த்துப் பிறந்தவை.

இந்தக் கேள்வி நீதிமன்றப் படியும் ஏறியது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு பெந்தெகொஸ்தே சபை. டிரம் செட், கிட்டார், ஒலிபெருக்கியோடு ஆராதனை. பக்கத்துக் குடியிருப்பின் நலச்சங்கம் வழக்குத் தொடுத்தது. சாலைப் போக்குவரத்தின் இரைச்சலைச் சுட்டிக்காட்டிய சபை, வழிபாட்டு உரிமையையும் முன்வைத்தது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளியது. பிறர் அமைதியைக் குலைத்துப் பிரார்த்திக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை, ஒலிபெருக்கியும் பறையடிப்பும் வழிபாட்டின் நிபந்தனை ஆகா என்பதே தீர்ப்பின் சாரம். சபையின் பெயர் வழக்கில் இருந்தாலும், விதி எல்லா மதத்துக்கும் ஒன்றுதான். விநாயகர் ஊர்வலமும், அம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கரும், பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் அதற்குள்தான் அடங்கும். அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது.

ஆனால் பேஸ் வாசிப்பவர் இந்த வரம்போடு மனநிறைவு அடைந்துவிட முடியாது. அந்த டெசிபல், காதின் இயல்புக்கு ஏற்பத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் ‘ஏ’ அளவீடு. 40 ஹெர்ட்ஸ் ஒலியை அந்த மீட்டர் ஏறக்குறைய 35 டெசிபல் குறைத்தே எண்ணுகிறது. சுவரோ நேர் எதிராக நடந்துகொள்கிறது. பாடகரின் சொற்களையும் கிட்டாரின் மெட்டையும் அது பெருமளவு தடுத்துவிடும், பேஸை விட்டுவிடும். பக்கத்து வீட்டு நோயாளிக்குப் பாட்டின் பொருளும் போகாது, ராகமும் போகாது. கட்டிலின் காலில் ஏறும் அதிர்வு மட்டும் போகும். அதிகாரி மீட்டரைக் காட்டி விதிமீறல் இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். சட்டத்தின் காது அங்கே முடிகிறது. அதற்கு மேல் வாசிப்பவரின் மனசாட்சிதான் கேட்க வேண்டும்.

பேஸின் தர்மமே தன்னைப் பின்னால் வைத்துக்கொண்டு பிறரைத் தாங்குவது. இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் தனியொரு மெட்டாகவே நடக்கும், ஆனாலும் பாடகரின் ஒரு சொல்லைக்கூட மறைக்காது. மைசூருவில் படித்து வளர்ந்த ரகு தீட்சித், 19-ஆம் நூற்றாண்டின் ஞானி சிசுநாள ஷரீப்பின் தத்துவப் பாடலை 2008-இல் வெளியான தம் முதல் ஆல்பத்தில் பேண்டோடு பாடினார். ஒரு முஸ்லிம், பிராமண குருவிடம் கற்றுப் பாடிய பாடல், கன்னடம் தெரியாத இளைஞர்களிடமும் பரவியது. மின்கருவிகள் ஷரீப்பைக் கெடுத்துவிட்டன என்று சொல்வது நியாயமில்லை. அவருக்குப் புதிய கடைசி வரிசை ஒன்றைத் திறந்துவிட்டன.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையின் துணிபு இது. ஹாலில் நல்ல பி.ஏ. (அரங்க ஒலிபெருக்கி அமைப்பு) இருந்தால் பெரிய ஆம்ப் வேண்டாம். மிக்ஸரோடு நேராக இணைக்கும் டி.ஐ. வெளியீடு உள்ள 100 வாட் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) ஒன்றை வாசிப்பவர் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கான ஒலியை மிக்ஸர் வழியே விடலாம். பி.ஏ. இல்லாமல் டிரம்ஸோடு வாசிப்பவர்கள் 300 முதல் 500 வாட் வரையுள்ள கிளாஸ்-டி வகை ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்றையும் திறன் மிகுந்த ஸ்பீக்கர் பெட்டியையும் தேடலாம். இந்த ஹெட்கள் இப்போது மூன்று கிலோ அளவிலேயே கிடைக்கின்றன. இரண்டு 8 ஓம் பெட்டிகளை இணைத்தால் 4 ஓம் ஆகும். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பின்பலகையில் பார்த்துவிட்டு இணைக்க வேண்டும். மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பாட்டுக்கு அதனால் இழப்பு இல்லை, சுவர் தாண்டிப் போகும் அதிர்வு குறையும்.

அடுத்த சவுண்ட் செக்கின்போது பேண்டில் ஒருவரைக் கடைசி வரிசைக்கு அனுப்புங்கள். இன்னொருவரை அடுத்த வீட்டு வாசலுக்கு அனுப்பி, உள்ளே இருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வரச் சொல்லுங்கள். குமிழை எங்கே நிறுத்துவது என்பதை அந்த இருவரும் திரும்பி வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.