நோக்கமும் விழிப்பும்

கர்ப்ப காலத்தில் முகத்தில் பூசிய கிறீம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்தால், அறியாமல் பூசிய தாய்க்கு அதில் பழி உண்டா?

கண்டிப் பக்கத்துப் பௌத்தக் குடும்பங்கள் கர்ப்பிணிக்காக ஓதுவிக்கும் அங்குலிமால பிரித் என்னும் காப்பு ஓதலிலேயே இக்கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. மச்சிம நிகாயத்தின் 86ஆம் சூத்திரத்தில், பிரசவ வேதனையில் தவிக்கும் பெண்ணைக் கண்டு துறவி அங்குலிமாலர் இரங்குகிறார். பிறந்தது முதல் வேண்டுமென்றே ஓர் உயிரையும் கொன்றதில்லை என்னும் சத்தியத்தால் அவளை வாழ்த்தும்படி புத்தர் சொல்கிறார். கொலைகாரராக இருந்தவர் அது பொய்யாகுமே என்கிறார். ஆரியப் பிறப்பு எடுத்தது முதல், அதாவது துறவறம் ஏற்றது முதல், என்று சத்தியம் திருத்தப்படுகிறது. அதன் வலிமை 'வேண்டுமென்றே' என்பதில்தான் நிற்கிறது. வினையை நோக்கத்தால் அளக்கும் இந்தத் தருமத்தில், அறியாமல் பூசிய தாய் குற்றவாளி அல்லள்.

ஆனால் புத்தரின் இறுதி அறிவுரை விழிப்போடு முயலச் சொல்வது. கேட்டறிய வழியிருக்கும்போது கேளாமல் விடுவது விழிப்பாகாது.

கேட்டறிய வேண்டியவற்றில் முதலாவது வெண்மையாக்கும் கிறீம். சிலவற்றில் கலக்கப்படும் பாதரசம் தோல்வழி இரத்தத்தில் சேர்ந்து, நச்சுக்கொடியைக் கடந்து, கருவின் வளரும் மூளையைத் தாக்கக்கூடும். 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இத்தகைய பொருட்களை விலக்குகிறது. ஆயினும் அவை விற்கப்படுகின்றன. உள்ளடக்கப் பட்டியல் இல்லாத டப்பா, தங்க வெள்ளி நகையில் படக்கூடாது என்னும் எச்சரிக்கை ஆகியவை சந்தேகத்துக்குரியவை. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை பிறவிக் குறைபாடுகளை உண்டாக்குவது உறுதியானது. அதே வகையைச் சேர்ந்த ரெட்டினால் கிறீம் உடலில் சேர்வது மிகக் குறைவு. என்றாலும் மருத்துவர்கள் அதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஹைட்ரோகுயினோன் கணிசமாக உறிஞ்சப்படுவதால் அதுவும் வேண்டாம். கர்ப்பத்தில் தோன்றும் கருந்திட்டுகள் பலருக்குப் பிரசவத்தின் பின் மங்கிவிடும். அதுவரை துத்தநாக ஒக்சைட்டு சேர்ந்த வெயில் கிறீம் போதும்.

இதையெல்லாம் தாயே ஆராய வேண்டும் என்பது நியாயமல்ல. வீடு தேடி வரும் மருத்துவமாதுவிடம் டப்பாவைக் காட்டினால் போதும். கர்ப்பம் என்று தெரியுமுன் பூசியவர் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லலாம், தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை. நோக்கத்தையே அளவாகக் கொண்டால், பாதரசம் இருப்பதை அறிந்தே மறைத்து விற்பவரிடம்தான் பழி போய்ச் சேர்கிறது.