விடுபட்ட ஒரு சொல்

"நான் அவரை மன்னித்துவிட்டேன்" என்று சொல்லும்போது என் குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடும். பல ஆண்டுகள் அதை நான் கவனிக்கவில்லை. பாளையங்கோட்டையில் குடும்ப ஜெபத்தோடு வளர்ந்தவன் நான். மன்னிக்க வேண்டும் என்பதைச் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டார்கள். சீட்டுப் பணத்தை ஏமாற்றிய உறவினர், என் உழைப்பைத் தன் பெயரில் காட்டிக்கொண்ட மேலாளர் என்று பலரை மன்னித்திருக்கிறேன். அந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். நான் யாரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற பட்டியல்தான் என்னிடம் இருந்ததில்லை.

2004 இல் முதுகலைப் படிப்புக்காக டிரெஸ்டன் வந்தேன். அந்த ஜூன் மாதத்தில்தான் ஃபிரவுன்கிர்ஷ ஆலயத்தின் குவிமாடத்தில் பொற்சிலுவையை ஏற்றியிருந்தார்கள். 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் அந்த நகரம் எரிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டார்கள். ஆலயமும் இடிந்து விழுந்தது. கிழக்கு ஜெர்மனியின் காலம் முழுக்கக் கற்குவியலாகக் கிடந்ததை, இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கட்டியெழுப்பி, 2005 அக்டோபர் 30 அன்று மீண்டும் திறந்தார்கள். உச்சியில் இருக்கும் சிலுவை பிரிட்டனில் திரட்டிய நன்கொடையில் லண்டனில் செய்யப்பட்டது. அதைச் செய்த பொற்கொல்லர் ஆலன் ஸ்மித். அவருடைய தந்தை டிரெஸ்டன்மீது குண்டு வீசிய விமானிகளுள் ஒருவர்.

அழகான கதை என்று நினைத்தபடி அதைக் கடந்துவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து அதே ஆலயத்தின் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் உட்கார்ந்தபோதுதான் அதன் முற்பாதி தெரிந்தது. அங்கே இருக்கும் ஆணிச் சிலுவை இங்கிலாந்தின் கவன்ட்ரியிலிருந்து வந்தது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் அந்த நகரை எரித்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேராலயத்தில் வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டுமே மிஞ்சின. அதன் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்ட், பீடத்துக்குப் பின்னால் இருந்த சுவரில் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார். தமிழில் சொன்னால், "பிதாவே, மன்னியும்." சிலுவையில் இயேசு வேண்டிக்கொண்டபோது "இவர்களுக்கு" என்ற சொல்லும் இருந்தது. ஹோவர்ட் அதை வேண்டுமென்றே விட்டுவிட்டார்.

"இவர்களுக்கு" என்று சொல்லும்போது நான் வேறு, அவர்கள் வேறு. குற்றம் முழுவதும் அந்தப் பக்கம் போய்விடுகிறது. என் பக்கம் பெருந்தன்மை மட்டும் மிஞ்சுகிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால், சுவருக்கு முன்னால் நிற்கும் நானும் வேண்டுதலுக்குள் வந்துவிடுகிறேன்.

இதனால் எல்லோர் குற்றமும் ஒன்றே என்றாகிவிடாது. போரைத் தொடங்கியது யார் என்பதில் சந்தேகமில்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் டிரெஸ்டனின் பிணங்களை மட்டும் எண்ணிக்காட்டி, தம் பக்கக் குற்றத்தைக் கழுவப் பார்க்கும் தீவிர வலதுசாரிகளை இங்கே பார்க்கிறோம். அந்தச் சொல்லை விட்டுவிடும் உரிமை அடிபட்ட கவன்ட்ரிக்கு இருந்தது. அடித்தவர் அதைப் பிறருக்குச் சொல்லித்தர முடியாது. இந்த இதழை வாசிப்பவர்களில் பலர், இன்றுவரை யாரும் மன்னிப்பே கேட்காத காயங்களோடு வாழ்பவர்கள். அவர்களிடம் "மன்னித்துவிடுங்கள்" என்று உபதேசிக்க எனக்கு வாய் வராது. என் பக்கத்துக் கணக்கை மட்டும்தான் என்னால் பேச முடியும்.

சில வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை இரவு, ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். பேக்கப் சரியாக மீள்கிறதா என்று சோதிப்பது என் பொறுப்பு. சோதிக்காமலே சோதித்ததாகப் பட்டியலில் குறியிட்டேன். மாற்றம் பாதியில் நின்றது, பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் பார்வையும், கட்டளைகளை இயக்கிய இளைஞன்மீது போனது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்த பையன். என்னை அண்ணா என்று கூப்பிடுவான். நான் வாய் திறக்கவில்லை. தகுதிகாண் காலம் முடிந்ததும் அவனுக்கு வேலை நீட்டிக்கப்படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் பிறகு அவன் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்:

"இப்ப இதைச் சொல்லுறது எனக்காகவோ, அண்ணா? இல்லாட்டி உங்கட நித்திரைக்கோ?"

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்பதிலும் நான் எனக்கு வேண்டியதைத்தான் வாங்கப் போயிருந்தேன். அவன் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும். அவன் இழந்தது அப்படியேதான் இருக்கும்.

ஜெர்மன் மொழியில் "ஷுல்ட்" என்ற ஒரே சொல் குற்றத்தையும் குறிக்கும், கடனையும் குறிக்கும். நம் தமிழ்ப் பரமண்டல ஜெபத்திலும் கடன்களைத்தான் மன்னிக்கக் கேட்கிறோம். கடன் என்றால் அதற்கு ஒரு தொகை உண்டு; திருப்பிக் கொடுக்க முடிந்த அளவுக்காவது கொடுக்க வேண்டும். மறுநாள், அந்தத் திட்டத்தின் அன்றைய தலைவருக்கு, எந்தச் சோதனையை நான் செய்யாமல் விட்டேன் என்பதை நேரத்தோடு எழுதி அனுப்பினேன். அதன் நகலை அவனுக்கும் அனுப்பினேன். எழுதும்போது கை நடுங்கியது. என் பெயர் கெடும் என்ற பயம்தான் அது. அதே பயத்தில்தான் அன்று கூட்டத்தில் ஊமையாக இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது: "வாசிச்சனான், அண்ணா." அவ்வளவுதான். அதற்குள் மன்னிப்பு இருக்கிறதா என்று சில நாள் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவன் கையில் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டுதான் எழுவேன் என்று நான் அவன் வாசலில் உட்கார முடியாது.

இப்போதெல்லாம் ஜெபத்தில் "கடன்" என்ற சொல் வரும்போது முதலில் அவன் முகம் வருகிறது. என் பழைய பட்டியல் அழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அது இன்னும் வருகிறது, இரண்டாவதாக.