வள்ளி டியூட்டியில இருந்தப்போ தான் முருகன் வந்தார்

ஓம் சரவணபவ. 

முதல்ல எங்க வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். அம்மா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறாங்க. காலையில ஏழு மணிக்குள்ள கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துடும். ஷிப்மென்ட் நெருங்கினா ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. இருக்கும். அப்பா டேனரியில முப்பது வருஷம் உழைச்சு ஓய்வு வாங்கினவர். அக்கா வேலூர்ல நர்ஸ், மூணு ஷிப்டும் மாறி மாறி வரும். நான் வீட்ல உட்கார்ந்து தான் வேலை பார்க்கிறேன், ஆனா க்ளையன்ட் அமெரிக்காவுல. எனக்கு ராத்திரி தான் பகல். நாலு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டா அன்னிக்கு எங்க வீட்ல தீபாவளி.

மூணு வருஷம் முன்னாடி ஆடி மாசத்துல அப்பா கேட்டார். "எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை வள்ளிமலைக்குப் போயிட்டு வரலாம்டா."

நான் இன்ஜினியர் ஆச்சே! கூகுள் கேலண்டர் போட்டேன், ஆளுக்கு ஒரு கலர் கொடுத்தேன். நாலு கலரும் காலியா இருக்கிற ஒரு நாள் கிடைச்சா போகலாம்னு முடிவு பண்ணேன். முதல் வருஷம் அம்மாவுக்கு ஷிப்மென்ட். ரெண்டாவது வருஷம் எனக்கு ரிலீஸ். இந்த வருஷம் நாள் கிடைச்சுது, ஆனா அப்பாவோட முட்டி போயிடுச்சு. படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மலைக்கோயிலுக்கு நானூறுக்கும் மேல படி இருக்கு.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. வள்ளியம்மை கதையை எடுத்துப் படிச்சேன். சின்ன வயசுல இருந்து கேட்ட கதை தான், ஆனா ஒரு விஷயம் அன்னிக்குத் தான் கண்ணுல பட்டுது.

முருகன் வந்தப்போ வள்ளி டியூட்டியில இருந்தாங்க!

நம்பிராஜன் மகளைத் தினைப்புனம் காக்க அனுப்பியிருந்தார். பரண் மேல நின்னு, கவண்கல் வீசி, கிளி விரட்டறது தான் அவங்க வேலை. முருகன் அந்த வேலை நேரத்துல, வேலை இடத்துக்கே வந்தார். வேடனா வந்தார். நம்பிராஜன் வர்ற சத்தம் கேட்டதும் வேங்கை மரமா நின்னார். அப்புறம் கிழவரா வந்தார். அவர் கேட்டதெல்லாம் வள்ளி கையில அப்போ இருந்த தேனும் தினைமாவும், அடுத்து தாகத்துக்குக் கொஞ்சம் தண்ணி. விருந்து வை, நாள் குறின்னு எதுவும் சொல்லல.

கந்தபுராணத்துல இதுக்கு அப்புறம் ஒரு இடம் வருது. நம்மில் பாதிப் பேர் அதை வேகமா தாண்டிடுவோம். தினை விளைஞ்சு அறுவடை முடிஞ்சதும் வள்ளியை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறாங்க. முருகன் புனத்துக்கு வந்து பார்க்கிறார், அங்க யாருமே இல்ல. வெறும் தாள் தான் நிக்குது. தேடி அலையறார். சாட்சாத் பரம்பொருளுக்கே 'சீசன் முடிஞ்சு போச்சு'ன்னா நான் எம்மாத்திரம்? ஆனா அவர் அடுத்த விளைச்சல் வரட்டும்னு உட்காரல. அன்னிக்கு நள்ளிரவே வள்ளி வீட்டுப் பக்கம் போயிட்டார்.

இன்னொருத்தரையும் நினைச்சுக்கிட்டேன். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், 1870ல பிறந்து 1950 வரைக்கும் இருந்த மகான். துறவுக்கு முன்னாடி மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர், அதாவது அவரும் வேலைக்குப் போன ஆள் தான். அந்தக் காலத்துல ஆங்கில வருஷப் பிறப்புக்கு நம்ம ஆளுங்க மாலையும் எலுமிச்சம்பழமுமா வெள்ளைக்கார துரைங்களைப் பார்க்கப் போவாங்க. சுவாமிகள் அந்த நாளை அப்படியே திருத்தணி பக்கம் திருப்பிவிட்டார். டிசம்பர் 31 ராத்திரி படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, 365 படி ஏறி, துரைக்கெல்லாம் துரையான முருகனை முதல்ல பாருங்கன்னார். புதுசா ஒரு லீவு கேட்கல. இருந்த லீவையே எடுத்துக்கிட்டார். நூறு வருஷம் தாண்டியும் அந்தப் படித்திருவிழா நடந்துக்கிட்டு இருக்கு.

காலையில கேலண்டரை மூடி வெச்சேன். அடுத்த ஞாயிறு அக்கா நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா. "தூக்கம் கார்ல தூங்கிக்கோ"ன்னு ஏத்திட்டோம். அம்மா ஓ.டி. வேணாம்னு சொல்லிட்டாங்க. அப்பா ரெண்டு தடவை குளிச்சார். டேனரியை விட்டு இத்தனை நாள் ஆகியும், உடம்புல தோல் வாடை இருக்குமோன்னு கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கூச்சப்படுவார். "அப்பா, நாம போறது வேடர் வீட்டு மாப்பிள்ளையைப் பார்க்க. அவங்க குடிசையில மான்தோல் இல்லாமலா இருந்திருக்கும்?"னேன். சிரிச்சார்.

ஆம்பூர்ல இருந்து வேலூர், காட்பாடி வழியா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகுது. போறவங்க வெயில் ஏறறதுக்குள்ள போயிடுங்க, நம்ம ஊர் வெயிலைப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. மேல பாறையைக் குடைஞ்ச சந்நிதி. மலையில சமணர் சிற்பங்களும் கங்க மன்னர் காலக் கல்வெட்டும் இருக்கு, அதையும் பார்த்துட்டு வாங்க. தேன் கலந்த தினைமாவு தான் பிரசாதம்.

அப்பா அடிவாரக் கோயில்லயே கும்பிட்டுட்டு உட்கார்ந்துட்டார். அம்மா எங்களோட நாலு படி ஏறிட்டு நின்னாங்க. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் அவரோட இருக்கேன்"னாங்க. நானும் அக்காவும் ஏறினோம். பாதி வழியில திரும்பிப் பார்த்தா, கீழே மர நிழல்ல ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்காங்க. பஸ் நேரம் பார்க்காம அவங்க அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல.

மேல போய் நான் எதுவும் வேண்டிக்கல. மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா அப்பாவும் இங்க நின்னிருப்பார்ங்கிறது மட்டும் தான் மனசுல ஓடிச்சு. அழுதேன். அக்கா பார்க்காத மாதிரி திரும்பிக்கிட்டா.

இறங்கி வந்து பிரசாதத்தைக் கொடுத்தோம். அப்பா மாவை வாயில போட்டுக்கிட்டே கேட்டார், "மாசி மாசம் இங்க தேர் ஓடுமே, அது மலையைச் சுத்திக் கீழேயே தானே வரும்?"

படி ஏற வேண்டாம். அக்கா இப்பவே லீவு எழுதிக் கொடுத்துட்டா.

வேலும் மயிலும் துணை.