வினைப்பயனும் வருமுன் அறுவையும்

குடும்பவழிப் பாலிப் நோய்க்குக் காரணம், ஐந்தாம் குரோமோசோமில் உள்ள ஏ.பி.சி. என்னும் மரபணுவின் பழுது. 1991இல் கண்டறியப்பட்ட இந்த மரபணு பழுதுபட்டிருந்தால், தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சரிபாதி வாய்ப்பில் இறங்கும். பதின்வயதில் பெருங்குடலின் உட்சுவரில் முளைவிடும் பாலிப் என்னும் சதை மொட்டுகள் நூற்றுக்கணக்கில் பெருகும். அப்படியே விட்டால், நாற்பது வயதையொட்டி ஏறக்குறைய எல்லாருக்கும் புற்றுநோய்தான். அதனால்தான் வலி எதுவும் இல்லாத பிள்ளையின் பெருங்குடலை முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்ட லயத்தில் ஒருவர் நாற்பது வயதில் இரத்தமாகப் போய் இறந்திருந்தால், தலையெழுத்து என்றோ செய்வினை என்றோதான் பேசியிருப்பார்கள். தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பம் ஈப்போவின் புந்தோங்குக்குப் பெயர்ந்த பின்னும், “விதித்ததை வெட்டி எடுக்கலாமா?” என்று ஒரு பாட்டி கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு மதிப்பான பதில் உண்டு.

சைவ சித்தாந்தத்தில் வினை மூன்று. சஞ்சிதம் சேர்ந்து கிடப்பது. பிராரத்தம் இவ்வுடலோடு நுகர வந்தது. ஆகாமியம் இப்போது செய்து சேர்ப்பது. பழுதான மரபணுவைப் பிராரத்தம் என்றே கொண்டாலும், அதை அறிந்தபின் செய்வதும் செய்யாமல் விடுவதும் ஆகாமியக் கணக்கில் ஏறும். திருக்குறளிலும் ஊழுக்கு 38ஆம் அதிகாரம் இருப்பதுபோல, ஆள்வினையுடைமைக்கு 62ஆம் அதிகாரம் இருக்கிறது. ஊழைக் காட்டிப் பிள்ளையைக் காக்க மறுக்க இந்த மரபில் இடமில்லை.

முடிவு யாருடையது என்பதுதான் கடினம். ஈப்போ கல்லுமலைக் கோவில் முருகனுக்கு நேர்ந்துகொண்டு பெற்றோர் குழந்தைக்கு மொட்டையடிக்கிறார்கள். முடி வளர்ந்துவிடும், குடல் வளராது. லாப்ரோஸ்கோப்பியில் வயிற்றில் சில சிறு துளைகள்தான், வடுவும் சிறிது. எடுக்கப்படுவதோ அதே பெருங்குடல். சிறுகுடலை மலக்குடலோடு இணைத்தால், எஞ்சிய பகுதியை வாழ்நாள் முழுவதும் ஸ்கோப் போட்டுப் பார்க்க வேண்டும். மலக்குடலையும் நீக்கிச் சிறுகுடலால் பை அமைத்தால், நாளுக்கு நாலைந்து முறையாவது கழிவறைக்குப் போக நேரும். பெண்ணுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பும் குறையலாம். வகுப்பின் நடுவே கைதூக்கி எழுந்து போகவேண்டியது அந்தப் பிள்ளைதான்.

மலேசியாவில் 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோர் கையெழுத்திடுகிறார்கள். அறத்துக்கு அந்தக் கையெழுத்து மட்டும் போதாது. மொட்டுகள் சிறியவையாக, குறைவாக இருந்தால், ஆண்டுதோறும் ஸ்கோப் பார்த்துக்கொண்டு பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வு முடியும்வரை தள்ளிப்போடலாம்; பிள்ளை கேட்டுத் தெளிய அது போதிய காலம். மொட்டுகள் பெருத்துச் செல்கள் திரியத் தொடங்கிவிட்டால் காத்திருக்க நியாயமில்லை. அப்போதும் “சின்ன ஆபரேஷன்” என்று மறைத்துக் கூட்டிப்போவது பிள்ளைக்குச் செய்யும் தீங்கு.