திரும்பும் இடங்கள்

லடாக்கின் லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டரில் இருக்கிறது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695. நான் மலையேற்றத்துக்கு அழைத்துப் போகும் நண்பன் இதுவரை ஏறியவற்றில் பெரியது வெள்ளியங்கிரி. இந்த முறை சன்னலோரம் உட்கார்ந்தபடியே ஆனைமுடியைவிட உயரத்தில் போய் இறங்குவான். உடம்பு அதை உணரச் சில மணி நேரமாகும். அதற்குள் கடைத்தெருவுக்குப் போகலாம் என்பான். போகக் கூடாது.

*

மார்க்கா பள்ளத்தாக்கு என்று முடிவாகிவிட்டது. ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என ஆற்றோடு ஊர் ஊராக ஏறும் வழி. கிராம வீடுகளில் படுக்கையும் சாப்பாடும் கிடைக்கும். புதியவர்களுக்கு ஏற்றது என்று அதனால்தான் சொல்கிறார்கள், பாதி உண்மை. ஹங்கர் ஏறக்குறைய 4,000 மீட்டர். அடுத்து நிமாலிங் மேய்ச்சல் வெளி, 4,800ஐ ஒட்டி. ஒரே பகலில் நடந்துவிடலாம், பலரும் நடக்கிறார்கள். ஆனால் 3,000 மீட்டருக்கு மேலே, உறங்கும் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவர்களின் கணக்கு. நடுவில் 4,250 வாக்கில் தாச்சுங்ட்சே இருக்கிறது. அங்கே கூடாரம் போட்டாலும் கணக்கு கொஞ்சம் மிஞ்சுகிறது. ஆகவே அங்கே இரண்டு இரவு.

"ரெண்டு ராத்திரி அங்க என்னடா பண்றது?"

"சும்மா இருக்கிறது."

அவன் திருச்சிக்காரன். சும்மா இருப்பதைப் பாடிய தாயுமானவர் ஊர்க்காரனுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது.

*

தினமும் ஓடுகிறான். எனக்கு அதுதான் கவலை. ஓட்டப் பயிற்சி காலுக்கு உதவும். மலை நோயைத் தடுக்காது. தெம்புள்ளவர்கள் வேகமாக ஏறி, முதலில் படுத்துவிடுவதும் உண்டு. மலை நோயைத் தடுக்கத் தரும் அசிட்டசோலமைடு பற்றி மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லும்படி.

*

இரவில் மூச்சு வேகமாகி, தணிந்து, சில நொடிகள் நின்றே போய், திடுக்கென்று திரும்பி வரும். உயரத்தில் பலருக்கும் இது நேரும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் நள்ளிரவில் பயந்துவிடுவான். இன்றே சொல்லிவிட வேண்டும்.

*

இவனுடைய நல்ல குணம்தான் பெரிய சிக்கல். யாருக்கும் தொந்தரவு தரமாட்டான். பந்தியில் சாம்பார் தன் இலைக்கு வராவிட்டாலும், "பரவால்ல, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழுகிறவன். தலை பிளந்தாலும், என் பயணம் கெட்டுவிடுமே என்று வாய் திறக்க மாட்டான். "உடம்புக்கு ஏதாவது செய்தால் சொல்லுடா" என்று நூறு முறை சொல்லியும் பயனில்லை.

ஆகவே ஓர் ஏற்பாடு. மாலைதோறும் முதலில் நான் என் உடம்பைப் பற்றிச் சொல்வேன்: தலைவலி உண்டா, பசித்ததா, எத்தனை தடவை விழித்தேன். அதன் பிறகு அவன். பழகியவனே தலை வலிக்கிறது என்றால் புதியவனுக்கு வெட்கம் விட்டுப்போகும். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் மறுநாள் ஏற்றம் இல்லை. குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கும்போது தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் கீழே இறங்குவது. இவற்றை எல்லாம் ஊரிலேயே பேசி முடித்துவிட வேண்டும். பிராணவாயு குறைந்த மூளையிடம் யோசனை கேட்கக் கூடாது.

*

வரைபடத்தில் விரல் வைத்து அவனுக்கு ஒன்றைக் காட்டினேன். நிமாலிங்கிலிருந்து வெளியேறக் குறுக்குவழி கோங்மாரு லா கணவாய். ஆனால் அது 5,200 மீட்டர் வாக்கில் இருக்கிறது. இறங்குவதற்கு முன் ஏற வேண்டும். நோயாளிக்கு அந்த வழி கிடையாது. வந்த வழியே ஹங்கருக்குத்தான். அப்போது குதிரை வேண்டும். எல்லாவற்றையும் முதுகில் சுமந்தால்தான் மலையேற்றம் என்று அவன் நினைத்திருந்தான். குதிரைக்காரரோடுதான் போகிறோம், இதில் பேச்சே இல்லை. போனில் உதவி கேட்டுவிடலாம் என்றும் இருக்க முடியாது: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, அனுமதியில்லாமல் சாட்டிலைட் போனும் கூடாது. போஸ்ட்பெய்ட் இருந்தாலும் பள்ளத்தாக்கின் உள்ளே அதை நம்பியிருக்க முடியாது.

*

உயரத்தில் பலரை அவசரப்படுத்துவது திரும்பும் விமானச் சீட்டின் தேதி. புதியவர் ஒருவரை நீங்களும் அழைத்துப் போவதாக இருந்தால், பையும் பூட்ஸும் வாங்குவதற்கு முன், அந்தத் தேதியை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.