அற்புதம் நிகழாத சிறைகள்

2025 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சுரேந்திர கோலியைக் கடைசி வழக்கிலிருந்தும் விடுவித்தது. தில்லியை ஒட்டிய நொய்டாவில், நிதாரி கிராமத்துக்குப் பக்கத்து வீட்டின் பின்புறச் சாக்கடையிலிருந்து குழந்தைகளின் எலும்புகள் எடுக்கப்பட்ட 2006 டிசம்பரில் கைதான வீட்டு வேலைக்காரர் அவர். 2014 செப்டம்பரில் மீரட் சிறையில் அவரைத் தூக்கிலிட ஏற்பாடுகள் நடந்தன. நள்ளிரவு தாண்டி உச்ச நீதிமன்றம் விதித்த தடைதான் உயிரைக் காத்தது. அறுபது நாள் போலீஸ் காவலுக்குப் பின் வாங்கப்பட்ட வாக்குமூலமும் கண்டெடுத்ததாகச் சொல்லப்பட்ட பொருட்களும் பன்னிரண்டு வழக்குகளில் ஏற்கத் தகாதவை ஆனபின், பதின்மூன்றாவது வழக்கில் மட்டும் எப்படி நிற்கும் என்பதே தீர்ப்பின் சாரம். ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அந்த மனிதர் வெளியே வந்தார்.

அன்று எழுந்த கோபம் மனத்தை உறுத்துகிறது. ஒரு மனிதனைப் பத்தொன்பது ஆண்டுகள் அடைத்து வைத்ததற்காக அல்ல, அவனை விட்டுவிட்டார்களே என்பதற்காகத்தான் பலர் கொதித்தார்கள். இப்படிக் கொதிக்கிறவர்களில் எத்தனையோ பேர் ‘தி கிரீன் மைல்’ படத்தைப் பார்த்துத் தேம்பி அழுதவர்கள். குற்றமற்றவன் மின்சார நாற்காலியில் அமர்த்தப்படும் காட்சியில் கண் கலங்காதவர் அரிது. திரையில் இருப்பவனுக்குக் கண்ணீர், சிறையில் இருப்பவனுக்குக் கயிறு என்னும் இந்த இரட்டை மனத்தை அறம் ஏற்காது. அற்புதத்தைச் சான்றாகக் கேட்ட பிறகே சுரக்கும் இரக்கம் இரக்கமே அல்ல என்பதைத் தயக்கமின்றிச் சொல்லியாக வேண்டும்.

ஸ்டீபன் கிங் 1996இல் ஆறு சிறு நூல்களாக வெளியிட்ட நாவலை ஃபிராங்க் டாரபான்ட் 1999இல் மூன்று மணி நேரத்துக்கும் மேலான படமாக எடுத்தார். 1935ஆம் ஆண்டின் லூசியானா. இரண்டு வெள்ளைக்காரச் சிறுமிகளின் உடல்களை மடியில் கிடத்திக்கொண்டு கதறிய நிலையில் பிடிபடுகிறான் ஜான் காஃபி என்ற கறுப்பின மனிதன். மைக்கேல் கிளார்க் டங்கன் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். மரண தண்டனைக் கைதிகளின் கொட்டடிக்கு வந்தபின் அவன் கை பட்டுக் காவல் அதிகாரியின் நோய் தீர்கிறது. மிதித்து நசுக்கப்பட்ட சுண்டெலி பிழைக்கிறது. சிறைக் கண்காணிப்பாளரின் மனைவிக்கு மூளையில் வளர்ந்த கட்டி மறைகிறது. தனக்குள் உறிஞ்சும் நோயை அவன் பெரும்பாலும் கரும்பூச்சிக் கூட்டமாக வாய்வழியே ஊதிவிடுகிறான். உண்மைக் கொலையாளி யார் என்பதையும் டாம் ஹாங்ஸ் ஏற்ற காவல் அதிகாரியின் கையைப் பற்றியே காட்டிவிடுகிறான். அவருக்குத் தெரிந்துவிடுகிறது, நமக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால் நீதிமன்றத்தில் வைக்க ஆதாரம் எதுவும் இல்லை. இருட்டுக்குப் பயப்படும் அவன் முகத்தை மூட வேண்டாம் என்று கேட்கிறான். மூடாமலே கொல்கிறார்கள்.

காஃபி நிரபராதி என்று பார்வையாளருக்கு எப்படித் தெரிந்தது? அற்புதத்தைப் பார்த்ததால் மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? இரு பிணங்களோடு பிடிபட்ட ஒருவன், ஒருமித்த ஊர், சந்தேகமே இல்லாத தீர்ப்பு. அவனுக்காக வாதாடிய வழக்கறிஞரே அவன்தான் செய்தான் என்று நம்புகிறார். தன் பிள்ளையைக் கடித்த நாயைச் சுட்டுக் கொன்ற கதையைக் காவல் அதிகாரியிடம் சொல்லி, காஃபியையும் அந்த வரிசையில் வைக்கிறார். தண்டனை நிறைவேறும் அறையில் சிறுமிகளின் தாய், ஒருமுறை கொன்றால் போதாது என்று கத்துகிறாள். அற்புதத்தைப் பார்க்க வாய்க்காத நாம் அந்த அறையில் இருந்திருந்தால், அந்தத் தாய்க்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்போம்.

இன்னொன்றும் நடக்கிறது. கண்காணிப்பாளரின் மனைவியிடமிருந்து உறிஞ்சிய நோயைக் காஃபி ஒரு கொடூரக் காவலனுக்குள் செலுத்துகிறான். அவன் மூலம் உண்மைக் கொலையாளி சுடப்பட்டுச் சாகிறான். அழுதுகொண்டிருந்த பார்வையாளர் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து மகிழ்கிறார். மரண தண்டனைக்கு எதிரானது என்று புகழப்படும் படத்துக்குள்ளேயே விசாரணையில்லாத ஒரு மரண தண்டனை நிறைவேறுகிறது. அதைக் கொண்டாடவும் நமக்குக் கற்பிக்கப்படுகிறது. படத்தின் மெய்யான அறம் வேறொரு காட்சியில் இருக்கிறது. டெலக்ருவா என்ற கைதிக்கு எந்த அற்புத சக்தியும் இல்லை. அவன் நிரபராதி என்றும் படம் சொல்லவில்லை. தலையில் வைக்கும் பஞ்சை வேண்டுமென்றே நனைக்காமல் விடுகிறான் அந்தக் கொடூரக் காவலன். டெலக்ருவா எரிந்து துடிக்கும் அந்த நிமிடங்களில் பார்வையாளர் கண்ணை மூடிக்கொள்கிறாரே, அதுதான் தூய இரக்கம். அங்கே யாரும் சான்று கேட்கவில்லை.

இனி தில்லிக்கு வருவோம். 2020 மார்ச் 20 அதிகாலை ஐந்தரை மணிக்குத் திஹார் சிறையின் மூன்றாம் எண் வளாகத்தில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 2012 டிசம்பர் 16 இரவு ஓடும் பேருந்தில் ஒரு மாணவியைச் சிதைத்த குற்றம் அவர்களுடையது. அந்தக் குற்றத்தின் கொடுமையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஏழு ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய அந்த மாணவியின் தாயின் துயரத்துக்கு முன் எந்தக் கட்டுரையும் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். ஆனால் அன்று சிறை வாசலில் கூடிய கூட்டம் கைதட்டி முழக்கமிட்டு இனிப்பு வழங்கியதே, அதற்கு எந்தத் தாயின் துயரமும் அனுமதி தராது. இதே குற்றத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 29 நாட்களில் அறிக்கை கொடுத்தது. பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனை கூடாது என்றே அது பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை ஒதுக்கப்பட்டு, 2013இன் திருத்தச் சட்டத்தில் மரண தண்டனை சேர்க்கப்பட்டது.

அதே திஹாரில் 2013 பிப்ரவரி 9 அன்று, நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அஃப்சல் குரு தூக்கிலிடப்பட்டபோது, தகவல் சொல்லும் கடிதம் காஷ்மீரில் இருந்த குடும்பத்துக்கு அவர் இறந்த பிறகே கிடைத்தது. அவருக்குத் தண்டனையை உறுதிசெய்த 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சமூகத்தின் கூட்டு மனசாட்சி நிறைவடைய வேண்டும் என்றது. காஃபிக்குக்கூடச் சாவதற்கு முன் ஒரு சினிமா பார்க்கும் ஆசை நிறைவேற்றப்பட்டது. குருவின் குடும்பத்துக்குக் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கும் வாய்ப்புக்கூடத் தரப்படவில்லை. தூக்குக்கு முன் குடும்பத்தாருக்குச் சொல்லியாக வேண்டும், சந்திக்க விட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதி வகுத்தது 2014 ஜனவரியில்.

கூட்டு மனசாட்சி எவ்வளவு எளிதில் வழி தவறும் என்பதை நம் முன்னோர் நமக்கு முன்பே கண்டவர்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனைச் சூழ்ந்த காவலர்கள், இவன் முகத்தில் கள்வனின் குறி ஏதுமில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான். அதற்குள் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தேவியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் இருந்த பாண்டியன் விசாரிக்காமல் விட்டதன் விலை அது. ஆனால் இளங்கோவடிகள் கதையை நிறுத்தும் இடத்தைக் கவனிக்க வேண்டும். மதுரையைச் சுட்ட தீ பின்னால் வருகிறது. அரசவையில் கோவலனின் குற்றமின்மையை நிறுவுவது உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம். அற்புதத்துக்கு முன்னால் ஆதாரம் நிற்கிறது. அதைக் கண்ட அரசனும் வாதம் செய்யாமல் தன் தவற்றை ஏற்று அரியணையிலேயே உயிர் விடுகிறான்.

நம் காலத்திலும் சிலம்பு உடைந்திருக்கிறது, அரியணைகள் அசையவில்லை. நாசிக் பகுதியில் 2003இல் நடந்த கொலை வழக்கில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009இல் உச்ச நீதிமன்றத்தில் தூக்கு உறுதியானது. 2019 மார்ச் 5 அன்று அதே உச்ச நீதிமன்றம் அந்த ஆறு பேரும் நிரபராதிகள் என்றது. உயிர் தப்பிய சாட்சி, போலீஸ் காட்டிய படங்களில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் தேடவில்லை. பதினாறு ஆண்டுச் சிறைக்குத் தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் தரச் சொன்னது தீர்ப்பு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி, அவர் சொன்னதை முழுமையாகத் தாம் எழுதவில்லை என்று 2013இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் இரு வெள்ளைச் சிறுமிகளைக் கொன்றதாக 1944இல் மின்சார நாற்காலியில் அமர்த்தப்பட்ட ஜார்ஜ் ஸ்டின்னிக்கு வயது பதினான்கு. அவன்மீதான தீர்ப்பு 2014இல்தான் ரத்தானது. இவர்கள் யாருக்கும் கையில் அற்புதம் இல்லை.

யார் யார் இப்படிச் சிக்குகிறார்கள்? தில்லியின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, மரண தண்டனைக் கைதிகள் 373 பேரையோ அவர்கள் குடும்பத்தாரையோ நேரில் கண்டு எழுதப்பட்டது. அவர்களில் நான்கில் மூவர் வறியவர்கள். பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்தவர்களும் நான்கில் மூவர்தான். இந்த ஏழைக்குத் திரையில் இரண்டே வேடங்கள் கிடைக்கின்றன. காஃபியைப் போல ஒரு புனிதனாக இருக்க வேண்டும், அல்லது பேயாக. நிதாரிச் சம்பவங்களின் சாயலில் ‘செக்டர் 36’ என்ற இந்திப் படம் 2024 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. வேலைக்காரன் மனித மாமிசம் தின்னும் கொலைகாரனாக அதில் வருகிறான். அலகாபாத் உயர் நீதிமன்றம் கோலியைப் பன்னிரண்டு வழக்குகளில் விடுவித்து அப்போது ஓராண்டு ஆகப்போகிறது. பார்த்தவர்கள் நடிப்பைப் பாராட்டினார்கள்.

மறுபக்கமும் உண்டு. கொடியவரை அரசன் தண்டிப்பது பயிரில் களை எடுப்பதற்கு ஒப்பு என்று செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள் சொல்கிறது. பரிமேலழகரும் அதைக் கொலைத் தண்டனை என்றே கொள்கிறார். கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனும் நம்மவர்தான். தில்லி சாவ்லா இளம்பெண் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட மூவரை 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்ததும், அவர்களில் ஒருவர் சில மாதங்களிலேயே வேறொரு கொலை வழக்கில் கைதானதும் மக்களை அச்சுறுத்தின. அந்த அச்சம் பொய் அல்ல.

ஆனால் அதே செங்கோன்மை அதிகாரம் தொடங்குவது ஆராய்தலில். களை எது, பயிர் எது என்று தெரியாதவன் கையில் அரிவாளைக் கொடுக்க வள்ளுவர் சொல்லவில்லை. அதற்கடுத்த அதிகாரம் கொடுங்கோன்மை, அதற்கும் அடுத்தது வெருவந்த செய்யாமை, அதைத் தொடர்ந்து கண்ணோட்டம். தண்டத்தைச் சொன்ன கையோடு அதன் எல்லைகளை முப்பது குறள்களில் வரைந்து வைத்திருக்கிறார். முதல் குறளை மறந்து கடைசிக் குறளை மட்டும் மேற்கோள் காட்டுவது வள்ளுவருக்குச் செய்யும் தீங்கு. மனுநீதிச் சோழன் தண்டித்ததும் தன் ரத்தத்தை. ஊரான் வீட்டு ஏழையை அல்ல.

புறநானூற்றில் கோவூர் கிழார் இரண்டு முறை கொலையைத் தடுக்கிறார். பகைவன் மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் முனைந்தபோது, யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, பிறகு புதிய மன்றத்தைப் பார்த்து மிரளும் அந்தக் குழந்தைகளை அரசனுக்குச் சுட்டிக் காட்டுகிறார். ஒற்றன் என்று பிடிக்கப்பட்ட இளந்தத்தன் என்ற புலவனுக்காகவும் இப்படியே போய் நின்றார். அவர் அற்புதம் எதையும் காட்டவில்லை. மிரண்ட முகத்தைப் பார் என்று சொன்னார், அரசர்கள் பார்த்தார்கள்.

அற்புதமே வேண்டுமென்றாலும் நம்மிடம் ஒன்று இருக்கிறது. மணிமேகலை கையில் அமுதசுரபி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் புகாரின் சிறைக்கோட்டத்துக்குள் போனாள். யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று பிரித்துப் பார்க்கவில்லை. பசித்த எல்லோருக்கும் சோறிட்டாள். பிறகு அரசனிடம் அந்தச் சிறையை அறக்கோட்டமாக மாற்றித் தரச் சொன்னாள், அவனும் மாற்றினான். சாத்தனார் ஒரு காதைக்கு இதையே பெயராக வைத்தார். காஃபியின் அற்புதம் அவன் ஒருவன் நல்லவன் என்று காட்டிவிட்டு அவனோடு முடிகிறது. மணிமேகலையின் அற்புதத்தில் சிறையே மாறுகிறது. இந்த நாட்டுச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் இன்னும் குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிகள். தில்லியில் அந்த விகிதம் இன்னும் கூடுதல்.

திரையில் அழுத கண்களுக்கு ஒரு கடமை உண்டு. அடுத்த தடவை ஒருவன் கைதாகி, அன்று மாலையே தொலைக்காட்சியில் அவனைத் தூக்கிலிடச் சொல்லும் குரல் எழும்போது, வாக்குமூலம் எத்தனை நாள் காவலுக்குப் பின் வந்தது, வக்கீல் இருந்தாரா, மருத்துவர் பார்த்தாரா என்று கேட்க வேண்டும். நிதாரியின் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்விகள்தான் நீதி தந்திருக்கும். ஒருவனைப் பேயாக்கி முடித்த அவசரத்தில் உண்மையான குற்றவாளி யார் என்பது நிறுவப்படாமலே போயிற்று, உச்ச நீதிமன்றமே அதற்காக வருந்தி எழுதியிருக்கிறது. பறிகொடுத்த பெற்றோருக்கும் பதில் இல்லை, அடைபட்டிருந்தவருக்கும் ஈடு இல்லை. தவறாகச் சிறையில் அடைக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையில் 2018 ஆகஸ்டிலேயே பரிந்துரைத்தது. அதை நாடாளுமன்றம் இன்றுவரை சட்டமாக்கவில்லை.